பிரீ ஆம்ப் வால்வு மாற்றப் போகிறீர்களா?

ஜெலுத்தோங்கில் எங்கள் வரிசையின் கடைசி வீட்டு மாமா, பினாங்குத் துறைமுகத்தில் கிராணி வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். வீட்டு ஹாலில் ஒரு ரிக்கார்ட் பிளேயர், அதன் சின்ன சிக்னலைப் பெருக்கி, ஸ்பீக்கரை ஓட்டும் பவர் ஆம்புக்கு அனுப்புகிற ஒரு வால்வு பிரீ ஆம்ப், இரண்டு பெரிய ஸ்பீக்கர். சாயங்காலம் ஆனால் அந்த வீட்டிலிருந்துதான் தெருவுக்கே பாட்டு. ஒரு ஞாயிற்றுக்கிழமை போன் போட்டார்.

"வலது பக்கம் ஒரே இரைச்சல் தம்பி. வால்வு போயிருச்சுன்னு நெனைக்கிறேன். டெலிஃபங்கன் வாங்கட்டா, முல்லார்ட் வாங்கட்டா?"

முதன்முதலில் வால்வு மாற்றப் போகிறவர்கள் எல்லாரும் இந்தக் கேள்வியில்தான் தொடங்குகிறார்கள். நானும் அப்படித்தான் தொடங்கினேன், காசையும் கரைத்தேன். மருந்துக் கடைக்குள் நுழைந்ததும் "எந்தக் கம்பெனி மாத்திரை நல்லது?" என்று கேட்டால் கடைக்காரர் என்ன சொல்வார்? எதற்கு மாத்திரை, எந்த மாத்திரை என்று முதலில் தெரிய வேண்டாமா? வால்வுக்கும் அப்படித்தான். என்ன நம்பர், எந்த இடத்தில் உட்காரப் போகிறது, இந்த இரண்டுக்கும் பதில் கிடைத்த பிறகுதான் கம்பெனிப் பேச்சு. இரண்டாவது கேள்வியைத்தான் பெரும்பாலானவர்கள் கேட்பதே இல்லை. மாமாவுக்கு அன்றைக்குக் காசு மிச்சமானது அந்தக் கேள்வியால்தான்.

அதற்கு முன் வால்வு என்ன செய்கிறது என்று சுருக்கமாகப் பார்த்துவிடுவோம். காற்றை உறிஞ்சி எடுத்துவிட்ட ஒரு கண்ணாடிக் குடுவை. நடுவே மெல்லிய உலோகக் குழாய், அதற்குள் ஓடும் இழை அதைச் சூடாக்குகிறது. இருட்டில் தெரியும் அந்த ஆரஞ்சு நிறம் இதுதான். சூடேறிய குழாய் எலக்ட்ரான்களைக் கக்கும். அதைச் சுற்றி நிற்கும் தகட்டில் 100, 200 வோல்ட் என்று உயர் மின்னழுத்தம் இருப்பதால் எலக்ட்ரான்கள் அங்கே பாயும். இரண்டுக்கும் நடுவில் மயிரிழை போன்ற கம்பியைச் சுற்றி வைத்திருப்பார்கள். அதுதான் கிரிட். பாட்டின் சிறு மின்னசைவு கிரிட்டுக்கு வந்தால், தகட்டுக்குப் பாயும் ஓட்டம் அதே தாளத்தில் கூடிக் குறையும். வாய்க்காலின் மதகுப் பலகையைக் கொஞ்சம் அசைத்தால் அந்தப் பக்கம் தண்ணீர் எப்படி ஏறி இறங்குகிறதோ, அப்படி. சின்ன அசைவு உள்ளே போய்ப் பெரிய அசைவாக வெளியே வருகிறது.

1904-இல் ஃபிளெமிங் என்ற ஆங்கிலேயர் செய்த முதல் குடுவையில் கிரிட் கிடையாது. மின்சாரத்தை ஒரு பக்கமாக மட்டும் விடும், எதிர்ப்பக்கம் விடாது. தண்ணீர்க் குழாய் வால்வு செய்கிற வேலை என்பதால் பெயரும் அதுவே ஆனது. 1906-இல் அமெரிக்காவின் லீ டி ஃபாரஸ்ட் மூன்றாவது உறுப்பைச் சேர்த்த பிறகுதான் பெருக்கும் வேலைக்கு வழி பிறந்தது. அமெரிக்கர்கள் டியூப் என்பார்கள். வெள்ளைக்காரன் காலத்து ரேடியோவோடு வளர்ந்த நம் ஊர்ப் பெரியவர்களுக்கு இன்றும் அது வால்வுதான்.

இப்போது நம்பர். நம்பரை எங்கே பார்ப்பது? சாக்கெட்டில் ஏற்கெனவே இருக்கும் வால்வில் பார்க்காதீர்கள். உங்களுக்கு முன் அந்தப் பெட்டியை வைத்திருந்தவர் எதைச் செருகிவிட்டுப் போனாரோ! மேனுவல், மூடியின் உள்பக்க ஸ்டிக்கர், சாக்கெட்டுக்கு அருகே போர்டில் அச்சிட்டிருக்கும் எழுத்து, இவைதான் நம்பத்தக்கவை.

வீட்டு பிரீ ஆம்புகளில் அதிகம் வருவது 12ஏஎக்ஸ்7. ஐரோப்பாவில் இதற்கே ஈசிசி83 என்று பெயர். இரண்டும் ஒரே வால்வுதான், இரட்டை விலை கொடுத்து ஏமாறாதீர்கள். ஐரோப்பியப் பெயரைக் கூட்டிப் படிக்கலாம். ஈ என்றால் இழைக்கு 6.3 வோல்ட். சி என்றால் மூன்று உறுப்புள்ள வால்வு. இரண்டு சி இருந்தால் ஒரே குடுவைக்குள் அப்படி இரண்டு. 8 என்பது ஒன்பது கால் அடித்தளத்தைக் குறிக்கும். கடைசி 3 வரிசை எண். அமெரிக்கப் பெயரில் முன்னால் நிற்கும் 12, இழையை 12.6 வோல்ட்டிலும் ஓட்டலாம் என்பதைச் சொல்கிறது. இழையின் நடுவிலிருந்து ஒரு கம்பி வெளியே வருவதால் 6.3, 12.6 இரண்டிலும் அதற்குச் சம்மதம்.

இதன் தம்பிகள் 12ஏடி7, 12ஏயூ7. ஐரோப்பாவில் ஈசிசி81, ஈசிசி82. மூன்றுக்கும் கால்கள் ஒரே மாதிரி. ஒன்றின் இடத்தில் இன்னொன்றைச் செருகினால் உட்காரும், எரியும், பாட்டும் வரும். வம்பு அங்கேதான் ஆரம்பிக்கிறது. பெருக்கும் அளவு 12ஏஎக்ஸ்7-க்கு 100, 12ஏடி7-க்கு 60, 12ஏயூ7-க்கு 20-க்கும் கீழே. "சத்தம் கொஞ்சம் குறையட்டுமே" என்று 12ஏயூ7-ஐப் போடுகிறவர்கள் உண்டு. ஆனால் 250 வோல்ட்டில் 12ஏஎக்ஸ்7 இழுக்கும் மின்னோட்டம் சுமார் 1.2 மில்லி ஆம்பியர். 12ஏயூ7-க்கு டேட்டா ஷீட் சொல்வது 10.5. சுற்றியுள்ள ரெசிஸ்டர்களை எல்லாம் ஒரு மில்லி ஆம்பியர் கணக்கில் போட்டிருப்பார்கள். அந்த இடத்தில் இந்த வால்வுக்கு மூச்சு முட்டும், பாட்டு கரகரக்கும். தயாரிப்பாளரே மேனுவலில் "இதையும் போடலாம்" என்று எழுதியிருந்தால் மட்டும் போடுங்கள்.

உண்மையிலேயே சத்தம் அதிகம் என்றால், அதாவது வால்யூம் குமிழைக் கால்வாசி திருப்புவதற்குள் வீடு அதிர்ந்தால், 5751 என்று ஒன்று இருக்கிறது. 12ஏஎக்ஸ்7-இன் நெருங்கிய சொந்தம். பெருக்கம் 70, கணக்குப்படி சுமார் 3 டெசிபெல் இறங்கும். இழைக்கு மட்டும் கொஞ்சம் கூடுதல் மின்சாரம் கேட்கும், 300 மில்லி ஆம்பியருக்குப் பதில் 350. பெரும்பாலான பெட்டிகள் இதைத் தாங்கும்.

இன்னொரு குடும்பம் 6டிஜே8, ஐரோப்பாவில் ஈசிசி88. அதன் தேர்ந்தெடுத்த வடிவம் 6922, ஐரோப்பாவில் ஈ88சிசி. இவற்றுக்கும் ஒன்பது கால்தான், ஆனால் இணைப்பு வேறு. 12ஏஎக்ஸ்7 சாக்கெட்டில் 6922-ஐச் செருகினால், அந்தப் பெட்டியின் வயரிங்கைப் பொறுத்து, இழை எரியவே எரியாது, அல்லது இரண்டு மடங்கு வோல்ட் பாய்ந்து கருகும். குடும்பத்துக்குள்ளேயும் ஒரு கண் வைக்க வேண்டும். ஈசிசி88-இன் தகடு 130 வோல்ட் வரை தாங்கும், ஈ88சிசி 220 வரை. 6922-க்கென்று வடிவமைத்த பெட்டியில் மலிவாகக் கிடைத்தது என்று 6டிஜே8-ஐப் போட்டால் அது ஓடலாம், ஆனால் ஆயுசு குறையும். ரஷ்ய 6என்1பி-யையும் சிலர் சிபாரிசு செய்வார்கள். அதன் இழைக்கு 600 மில்லி ஆம்பியர் வேண்டும், 6922-ஐப் போல இரண்டு மடங்கு. அந்தச் சுமையில் டிரான்ஸ்ஃபார்மர் சூடேறும்.

இனி மாமா வீட்டுக்குப் போவோம்.

அவர் பெட்டியில் நான்கு வால்வு, நான்கும் 12ஏஎக்ஸ்7. பின்பக்க ஜோடி போனோவுக்கு, அதாவது ரிக்கார்ட் பிளேயரின் சிக்னலை முதலில் பெருக்கும் பகுதிக்கு. முன்பக்க ஜோடி லைனுக்கு, அதாவது அதற்கு அடுத்த பகுதிக்கு; சிடி பிளேயர் நேரே இங்கேதான் வரும். ரிக்கார்ட் பிளேயரின் ஊசியிலிருந்து வருவது சுமார் 5 மில்லி வோல்ட். சிடி பிளேயரிலிருந்து வருவது சுமார் 2 வோல்ட், அதாவது 400 மடங்கு. போனோ வால்வு அந்த ஈர்க்குச்சி அளவு சிக்னலைத் தூக்கி நிறுத்த வேண்டும். எந்த வால்வுக்கும் சொந்தமாக ஒரு "ஸ்ஸ்" இரைச்சல் உண்டு. போனோவில் உட்கார்ந்த வால்வின் இரைச்சலை அதற்குப் பின்னால் வரும் எல்லாமே சேர்ந்து பெருக்கும். அதே வால்வு லைனில் உட்கார்ந்தால், அங்கே வந்து சேரும்போது பாட்டே பெரிதாகியிருக்கும், இரைச்சல் அதற்குள் அமுங்கிப் போகும்.

ஆகவே ஒரு வால்வைக் கெட்டது என்று தூக்கிப் போடுவதற்கு முன், எந்த இடத்துக்குக் கெட்டது என்று பார்க்க வேண்டும்.

பெட்டியை அணைத்து, பிளக்கைப் பிடுங்கி, அரை மணி நேரம் ஆறவிட்டோம். மாமா அதற்குள் தேத்தண்ணி போட்டுக் கொண்டு வந்தார். பின்பக்க வலது வால்வை இடது பக்கமும், இடது வால்வை வலது பக்கமும் மாற்றிச் செருகினேன். பிளேயரைத் தேர்வு செய்து, ரிக்கார்ட் போடாமல், வால்யூமை அவர் வழக்கமாக வைக்கும் இடத்தில் வைத்தேன். இரைச்சல் இடது ஸ்பீக்கருக்குப் போய்விட்டது. தோசைக்கல்லில் தண்ணீர் தெளித்தால் வருமே, அந்தச் சத்தம். வால்வோடு சேர்ந்து சத்தமும் நகர்ந்தால் குற்றவாளி வால்வு. நகராமல் அதே பக்கம் நின்றால் சாக்கெட், கெப்பாசிட்டர், ஒயர், பிளேயரின் எர்த் கம்பி என்று வேறு எங்கோ தேட வேண்டும். புது வால்வு வாங்கி ஒரு பிரயோசனமும் இல்லை.

இந்த ஒரு சோதனைக்குக் காசு செலவில்லை. இதைச் செய்யாமல் நான்கு வால்வு ஆர்டர் போட்டவர்களை எனக்குத் தெரியும்.

சில நேரம் மாற்றிச் செருகியதுமே சத்தம் காணாமல் போய்விடும். மந்திரம் ஒன்றுமில்லை. பினாங்குக் காற்றில் ஈரமும் உப்பும் அதிகம். வால்வின் கால்களிலும் சாக்கெட்டின் பிடிகளிலும் மெல்லிய படலம் படிந்திருக்கும். பிடுங்கிச் செருகும்போது அது உரசிப் போகிறது. கடுகு தாளிக்கிற மாதிரி படபடவென்று வெடிக்கும் சத்தத்துக்குப் பாதி நேரம் காரணம் இதுதான். கான்டாக்ட் கிளீனர் கொஞ்சம், பல் இடுக்குத் தேய்க்கும் சின்ன பிரஷ் ஒன்று, போதும். கோலாலம்பூர்க்காரர்களுக்கு இந்தச் சாமான் எல்லாம் புடு பக்கம் ஜாலான் பசாரில் கிடைக்கும்.

"ம்ம்ம்" என்று அடித்தொண்டையில் உறுமும் சத்தம் வேறு ரகம். நம் கரண்டின் 50 ஹெர்ட்ஸ் அது. வால்வுக்குள் இழைக்கும் குழாய்க்கும் இடையே கசிவு இருந்தாலும் வரும், ஆனால் பெரும்பாலும் எர்த் கோளாறு. இதற்கும் அதே இடமாற்றம்தான் சோதனை.

நான்காவது ரகச் சத்தம் ஒன்று இருக்கிறது. வால்வின் உள் உறுப்புகள் கொஞ்சம் தளர்ந்தால், குடுவை மைக்காக மாறிவிடும். நடக்கிற அதிர்வு, ஸ்பீக்கரின் அதிர்வு எல்லாம் அதன் வழியே திரும்ப உள்ளே போகும். பென்சிலின் ரப்பர் முனையால் வால்வை மெதுவாகத் தட்டிப் பாருங்கள். "டொக்" என்று சன்னமாகக் கேட்டு அடங்கினால் சாதாரணம், போனோவில் இருப்பது கொஞ்சம் கூடவே கேட்கும். எவர்சில்வர் டம்ளரைச் சுண்டியது போல "டிங்ங்" என்று இழுத்துக்கொண்டு போனால் அது போனோவுக்கு ஆகாது. ஒரு எச்சரிக்கை. வால்வு வெளியே தெரியும்படி நிற்கும் பெட்டியில் மட்டும் இதைச் செய்யுங்கள். மூடியைக் கழற்றினால்தான் வால்வு தெரியும் என்றால், கரண்டு ஓடும்போது உள்ளே கை விடாதீர்கள். அங்கே இருப்பது 200 வோல்ட்டுக்கும் மேல். பெட்டியின் தலையில் தட்டினாலே விஷயம் தெரிந்துவிடும்.

மாமாவின் இரைச்சல் வால்வை முன்பக்கம், லைனில் போட்டேன். அங்கிருந்த ஒன்றைப் போனோவுக்குக் கொண்டுபோனேன். ஸ்பீக்கரில் காதை ஒட்டி வைத்தால்தான் ஏதோ கேட்டது. நாற்காலியில் உட்கார்ந்தால் சுத்தமாக ஒன்றுமில்லை. அப்படியே விட்டிருந்தாலும் ஒன்றிரண்டு வருடம் ஓடியிருக்கும். மாமாதான் "புதுசா ரெண்டு வாங்கிடுவோம், மனசு கேக்கல" என்றார். சரி, போனோவுக்கு மட்டும் ஒரு ஜோடி.

ஜோடி ஏன்? இடதும் வலதும் ஒரே அளவில் பெருக்கினால் பாடுகிறவர் நடுவில் நிற்பார். பவர் ஆம்பின் பெரிய வால்வுகளைப் போல நுணுக்கமாகப் பொருத்தம் பார்த்து வாங்க வேண்டியதில்லை. ஒரே லாட்டில் இரண்டு எடுத்தால் போதும். சில பிரீ ஆம்பில் ஒரே குடுவையின் ஒரு பாதி இடதுக்கும் மறு பாதி வலதுக்கும் வேலை செய்யும். அப்படியென்றால் இரண்டு பாதியும் சமமாக இருக்கிற வால்வாகக் கேளுங்கள். கடைக்காரரிடம் சொல்ல வேண்டியது ஒரே வாக்கியம்: "போனோவுக்கு வேணும், இரைச்சலும் அதிர்வும் கொறைஞ்சதா டெஸ்ட் பண்ணிக் குடுங்க."

கம்பெனி விஷயத்துக்கு இப்போதுதான் வருகிறோம். இன்றைக்குப் புதிதாகச் செய்யும் தொழிற்சாலைகள் விரல் விட்டு எண்ணக்கூடியவை. ஸ்லோவாக்கியாவில் ஜேஜே, ரஷ்யாவின் சாராட்டோவில் ஒன்று, அப்புறம் சீனா. சாராட்டோவ் ஆலையிலிருந்தே சோவ்டெக், எலக்ட்ரோ ஹார்மோனிக்ஸ், டங்சோல், முல்லார்ட் என்று பல பெயர்களில் வருகின்றன. புது டப்பாவில் முல்லார்ட் என்று இருந்தால் அது இங்கிலாந்தின் பிளாக்பர்ன் ஆலையில் செய்த பழைய முல்லார்ட் இல்லை. மோசம் என்று சொல்லவில்லை, தெரிந்து வாங்குங்கள் என்கிறேன். 2022-இல் உக்ரைன் போர் தொடங்கியபோது ரஷ்ய வால்வுகளின் வரத்து தடுமாறி விலை ஏறியதை வாங்குகிறவர்கள் மறந்திருக்க மாட்டார்கள்.

பழைய சரக்கில் நான் சூடு பட்டிருக்கிறேன். இணையத்தில் ஒரு கடையில் "பயன்படுத்தாத பழைய டெலிஃபங்கன்" என்று ஒன்று வாங்கினேன். டப்பா அழகு, வால்வின் மேல் எழுத்து நேற்று பெயின்ட் அடித்தது போல வெள்ளை வெளேர். அங்கேயே சந்தேகம் வந்திருக்க வேண்டும். பழைய வால்வுகளின் எழுத்து விரல் பட்டாலே அழியும் ரகம். கவிழ்த்துப் பார்த்தேன். டெலிஃபங்கனின் சொந்த ஆலையில் செய்த இந்த வகை வால்வுகளில், கால்களுக்கு நடுவே கண்ணாடியிலேயே ஒரு சின்ன வைரக் குறி அச்சாகியிருக்கும். இதில் இல்லை. கால்களில் நீள நீளமாகக் கீறல், பல தடவை சாக்கெட்டில் ஏறி இறங்கிய தடம். சும்மா சொல்லக்கூடாது, வால்வு நன்றாகத்தான் பாடியது. ஆனால் சாதாரண வால்வுக்கு டெலிஃபங்கன் விலை.

உச்சியில் கண்ணாடிக்குள் வெள்ளிப் பூச்சு மாதிரி ஒரு பளபளப்பு இருக்கும். மிச்சம் மீதி வாயுவை உறிஞ்சிக்கொள்ள வைத்த பேரியம் அது. பால் போல வெளுத்திருந்தால் உள்ளே காற்று புகுந்துவிட்டது, இலவசமாகக் கொடுத்தாலும் வேண்டாம். ஓரங்கள் பழுப்பாகித் தேய்ந்திருந்தால் நிறைய உழைத்த வால்வு.

பினாங்கின் லோரோங் கூலிட் பழைய சாமான் சந்தையில் பழைய ரேடியோ ஒன்றைப் பார்த்துவிட்டு "அதிலிருந்து வால்வைக் கழற்றிப் போடலாமா?" என்று கேட்பவர்கள் உண்டு. அந்தக் கால ஐரோப்பிய ரேடியோக்களில் பெரும்பாலும் இருப்பது ஈசிஎச்81, ஈஎஃப்89, ஈஎல்84 வகையறா. உங்கள் பிரீ ஆம்புக்கும் அவற்றுக்கும் சம்பந்தமில்லை. ரேடியோ அழகாக இருந்தால் ரேடியோவுக்காக வாங்குங்கள்.

கம்பெனிக்குக் கம்பெனி ஒலி மாறுமா? மாறும், கொஞ்சம். ஸ்பீக்கரை சுவரிலிருந்து ஓர் அடி நகர்த்தினால் மாறும் அளவுகூட இருக்காது என்பது என் காதின் தீர்ப்பு. தேய்ந்த ஊசியோடு ஓடும் பிளேயருக்கு விலை உயர்ந்த வால்வு வாங்குவது, புளித்த மாவுக்கு நெய் வாங்குவது மாதிரி.

செருகும்போது அவசரம் வேண்டாம். ஒன்பது கால்களில் ஓர் இடத்தில் மட்டும் இடைவெளி பெரிதாக இருக்கும். சாக்கெட்டிலும் அதே இடைவெளி. அதைப் பார்த்து நேராக அழுத்துங்கள். கழற்றும்போதும் நேர் மேலே. பக்கவாட்டில் பலமாக ஆட்டினால் கால் இறங்கும் இடத்தில் கண்ணாடி விரிசல் விடும். மூடி திறந்திருக்கும்போது மூலைகளையும் பாருங்கள், சூடான பெட்டி என்றால் பல்லிக்கு மாளிகை. மாமாவின் பெட்டியிலிருந்து காய்ந்த பல்லி முட்டை இரண்டு எடுத்தேன்.

புது வால்வை முதல் நாளே எடை போடாதீர்கள். இரண்டு மூன்று சாயங்காலம் ஓடட்டும், ஆரம்பத்தில் வரும் சின்னச் சின்ன வெடிப்புச் சத்தம் தானே அடங்கும். ஈ88சிசி போன்ற வால்வுகளை 10,000 மணி நேரத்துக்கு என்று வடிவமைத்தார்கள். தினம் மூன்று மணி நேரம் கேட்டால் ஒன்பது வருடம். நாள் முழுக்க எரியவிட்டால் ஒரு வருடத்துக்குச் சற்று மேல், அவ்வளவுதான்.

மாமா வாங்கியது ஜேஜே ஜோடி. போனோவில் இருக்கின்றன. லைனுக்குப் பழைய ஜோடியே திரும்பிப் போனது. மிஞ்சிய இரண்டையும் பஞ்சில் சுற்றி ஒரு பிஸ்கட் டின்னில் வைத்திருக்கிறார். ஒன்றில் "நல்லது" என்று சீட்டு. இன்னொன்றில், துறைமுக லெட்ஜரில் எழுதிப் பழகிய அதே குண்டு எழுத்தில், "வலது போனோ. இரைச்சல். லைனுக்கு மட்டும்."